அஞ்சா நால்வரும் ஐந்தாவது ஆளும்

திங்கட்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், சன்னலுக்கு முதுகைக் காட்டி, சவரிராயன். அவருக்கு வலப்பக்கம், மற்ற நாற்காலிகள் தாங்காது என்பதற்காக இரும்புக் குழாயில் பற்றவைத்துச் செய்த நாற்காலியில் பேச்சியம்மாள். இடப்பக்கம், ஒரு காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, மின்விசிறியை விட்டு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி செய்யது மீரான். கால்மாட்டில், குமிழ்கள் பதித்த பெட்டியை மடியில் வைத்தபடி ஜெனிட்டா. கடைசியாக, வாசல் கதவுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில், தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு தசரதன்.

முதல் நால்வரும் அந்த வரிசையில் உட்காருவதற்கு ஒரு காரணம் உண்டு. மீட்புத் துறை மாதாமாதம் வெளியிடும் 'அஞ்சா நால்வர்' காமிக்ஸின் முதல் இதழ் அட்டையில் ஓவியர் அவர்களை அப்படித்தான் உட்கார வைத்திருந்தார். நாலு வருஷமாகியும் யாரும் இடம் மாறவில்லை. களத்தில் இறங்காமல் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிட்டாவுக்குக்கூட அந்த அட்டையில் ஒரு சிவப்பு அங்கி கிடைத்திருந்தது. நான்கு பேர் இருந்தால்தான் அட்டை நிறைகிறது என்று ஓவியர் சொல்லிவிட்டாராம்.

மற்ற மூவருக்கும் பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில், ஓர் இழை உண்டு. தலைமயிர் கனம்தான். உடம்பு இழந்ததை அது திருப்பிக் கொடுக்கும், கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும். சவரிராயன் தீயணைப்பு வேலையில் நுரையீரல் வெந்துபோனவர். இப்போது இருபது நிமிஷம் மூச்சு விடாமல் இருப்பார். பேச்சியம்மாள் உப்பளத்தில் மூட்டை சரிந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர். இப்போது லாரியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பார். மீரான் பிறவியிலேயே காது கேளாதவர். இப்போது காங்கிரீட்டுக்கு அடியில் துடிக்கும் நெஞ்சு அவருக்குக் கேட்கும். இழைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பதால், வாயைத் திறக்காமலே ஒருவர் களைப்பு இன்னொருவருக்குத் தெரியும்.

தசரதனுக்கும் ஓர் இழை இருந்தது. பிரச்சினையே அதுதான்.

சவரிராயன் துறையின் ஆணையைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது நாளு. முப்பதாம் நாள் நாங்க நாலு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பணும், ஆளு வேணுமா வேண்டாமான்னு. வேண்டாம்னா இழைய எடுத்திருவாவ. அப்படித்தானவே?"

"ஆமாங்க சார்."

"எடுத்தா என்னாவும்?"

"கண்ணு போயிடும் சார்." தசரதன் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பத்தொம்போது வயசுல தோல் பதனிடுற டேனரியில சுண்ணாம்புத் தண்ணி கண்ணுல அடிச்சிடுச்சி. பதினோரு வருஷம் ஒண்ணும் தெரியாம இருந்தேன். இந்தக் கண்ணாடிச் சட்டத்துல இருக்கிற உணரியும் இழையும் சேர்ந்துதான் இப்ப காட்டுது. எல்லாரும் பாக்குறதோட, சூடு, குளிர்ச்சி கூட நிறமா தெரியும். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தாலும் தெரியும்."

"அது நல்ல சமாச்சாரந்தான?" என்றார் பேச்சியம்மாள். "பொறவு ஏன் ரெண்டு டீமுல இருந்து ஒம்மள அனுப்பிட்டாவ?"

தசரதன் வரிசையாகச் சொன்னார், மனுவில் எழுதுவதுபோல. "மொத டீம்ல எட்டு நாள். எனக்குத் தூக்கம் வரலைன்னு அவங்களுக்கும் வரல. ரெண்டாவது டீம்ல, ஒரு மாடிக் கட்டடம் சரிஞ்சிடுச்சி. உள்ள போனோம். எனக்கு பயம் வந்துச்சி. எனக்கு வந்தா இழை வழியா எல்லாருக்கும் போயிடும் சார். எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம். உள்ள வாட்ச்மேன் இருந்தாரு. கட்டடம் அதுக்கப்புறமும் இருபது நிமிஷம் நின்னுச்சி. அவர எடுத்திருக்கலாம்."

மீரான் பஞ்சைச் சரிசெய்துகொண்டு கேட்டார், "நாங்களும் இழை போட்டிருக்கோம். எங்க பயம் இப்படிப் போவலையே?"

"இருந்தாத்தானலே போறதுக்கு," என்றார் பேச்சியம்மாள். மீரான் சிரித்தார். சவரிராயனும் மீசைக்குள் சிரித்தார்.

ஜெனிட்டா சிரிக்கவில்லை. "இவரோட குமிழ நான் பூஜ்யத்துல வச்சிருவேன்," என்றாள். "இவரு பார்ப்பாரு, வாக்கிடாக்கில சொல்லுவாரு. இவர்கிட்ட இருந்து ஒங்களுக்கு எதுவும் வராது."

அதோடு கூட்டம் முடிந்தது. யாரும் அவரை வெறுக்கவில்லை. சாப்பாட்டுக்கு ஆள் கூடினால் அரிசி எவ்வளவு கூடும் என்று கேட்பதுபோல விசாரித்தார்கள், அவ்வளவுதான். தசரதனுக்கு அதுவே பயமாக இருந்தது.

எதையும் தேதி போட்டு, எண் போட்டு எழுதுவது குடியாத்தம் நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் படிந்த பழக்கம். இரண்டாவது டீமிலிருந்து அனுப்பப்பட்டு, துறையின் கண்காணிப்பு இல்லத்தில் எட்டு மாதம் இருந்தபோது அங்கிருந்த எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். இங்கேயும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில், தான் தினமும் பார்க்க வேண்டியவற்றை எழுதினார்: எரிவாயு சிலிண்டர், வேனின் நான்கு சக்கரம், கயிற்று முடிச்சுகள், பின்வாசல் தாழ்ப்பாள். காலையில் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை.

"என்ன குடியாத்தத்துக்காரரே," என்பார் பேச்சியம்மாள், "சிலிண்டருக்குத் திருஷ்டி கழிக்கீரோ?"

"ரெகுலேட்டரப் பாக்குறேங்க."

"நேத்தும் பாத்தீரு. அதுக்குக் காலு மொளச்சு எங்கயும் போவல."

அடுத்த பக்கத்திலிருந்து அவர் வேறொன்று எழுதத் தொடங்கினார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

நாள் 4. தம்பி மீரான் கரைவலையில் மாட்டிய கடல்பாம்பைக் கையால் பிடித்து எடுத்துவிட்டார். மற்றக் கையில் டீ கிளாஸ் இருந்தது. டீ தளும்பவில்லை.

நாள் 6. சவரிராயன் சார் ரயில் வரும்போது தண்டவாளத்தைத் தாண்டினார். அவசரம் ஒன்றும் இல்லை.

நாள் 11. பேச்சியம்மாவுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகன் மாடிப்படியில் விழுந்து தலையில் அடி, ஏழு தையல். அவர் வாளியில் மிச்சமிருந்த துணியைப் பிழிந்து காயப்போட்டு, ஒரு கை சோறும் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பயம் வந்தால் மனிதர்களுக்கு மூக்கு நுனியும் விரல் நுனியும் குளிர்ந்துவிடும். தசரதன் கண்ணுக்கு அது நீலமாகத் தெரியும். தெருவில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த நீலம் இருக்கும். கடன்காரனோ, பரீட்சையோ, டாக்டர் சீட்டோ எதுவோ ஒன்று. இந்த மூன்று பேருக்கும் அது ஒரு நாளும் வரவில்லை. இவர்கள் பெரிய பிறவிகள் என்று அவர் நினைத்துக்கொண்டார். தன்னுடைய விரல்களைக் குனிந்து பார்த்தால் எப்போதும் நீலம்.

பதினெட்டாம் நாள் மீரான் புது இதழின் அச்சுப்படியைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். "தசரதண்ணன், நீங்களும் வந்திருக்கீங்க பாருங்க."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். நால்வரும் அங்கி பறக்க ஒரு பாலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், கட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருந்தது.

"எதுக்குங்க கை மட்டும்?"

"முப்பது நாள் முடிஞ்சாத்தான் முகம் போடணுமாம். ஓவியருக்கு மேல இருந்து உத்தரவு." மீரான் ஆறுதலாகச் சொன்னார், "கை நல்லா வந்திருக்கு அண்ணன்."

அன்று மாலை அவர் சிலிண்டரை நான்கு தடவை பார்த்தார்.

இருபத்திரண்டாம் நாள் பிற்பகல் இரண்டே முக்காலுக்கு அழைப்பு வந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா கசிகிறது. உள்ளே மூன்று பேர். ஜெனிட்டா காற்று வீசும் திசை பார்த்து வேனை நிறுத்தினாள். அப்படியும் கண்ணும் தொண்டையும் எரிந்தன. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தசரதன் வேனின் பக்கத்தில் நின்று சுவரை ஊடுருவிப் பார்த்தார். கையில் வாக்கிடாக்கி.

"ரெண்டு பேரு வாசலுக்கு எடதுபக்கம் விழுந்துகெடக்குறாங்க. மூணாவது ஆளு உள்ள, தொட்டிக்கு அந்தப் பக்கம். மேல ஐஸ் உறைய வைக்கிற இரும்புக் கேனுங்க சரிஞ்சிருக்குது. ஆளு சூடு இருக்குது, உசுரோட இருக்காரு."

"நெஞ்சு துடிக்கி, எனக்குக் கேக்குது," என்றார் மீரான் முகமூடிக்குள்ளிருந்து.

ஆறு நிமிஷத்தில் முதல் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், பேச்சியம்மாளின் தோளுக்கு ஒருவராக. சவரிராயன் மூச்சை அடக்கிக்கொண்டு முகமூடி இல்லாமலே குழாயோடு நடந்துபோய் ஒரு வால்வை மூடினார், பிறகு மறுகோடியில் இருந்ததையும் மூடினார். கசிவு நின்றது. பேசுவதற்காக இடுப்பிலிருந்த முகமூடியை மாட்டிக்கொண்டார். எல்லாம் காமிக்ஸில் வருவதுபோலவே நடந்தது.

அப்போதுதான் தசரதன் அந்தக் குழாயைப் பார்த்தார். இரண்டு வால்வுகளுக்கும் நடுவில் இருந்த பகுதி சற்றுமுன் கருநீலமாக இருந்தது. இப்போது வெளுத்துக்கொண்டு வந்தது. கூரையில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் தகடு உடைந்திருந்தது; அந்த ஓட்டை வழியே பிற்பகல் வெயில் நேராகக் குழாயின் மேல் விழுந்தது.

"ஜெனிட்டாம்மா, அந்தக் குழாய் சூடேறுது. ஏறலாமா அது?"

ஜெனிட்டா பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "எந்தக் குழாய்?"

"சார் ரெண்டு பக்கமும் மூடினாரே, அது."

"ரெண்டு பக்கமுமா?" அவள் முகம் மாறியது. "உள்ள திரவமா மாட்டிக்கிட்டுல்ல இருக்கு. சூடானா விரியும். விரியறதுக்கு எடம் இல்ல. குழாய் கிழிஞ்சிரும் அண்ணே."

"எவ்ளோ நேரத்துல?"

"தெரியாது. அஞ்சு நிமிசமோ, இப்பமோ."

அவளே வாக்கிடாக்கியை வாங்கிச் சொன்னாள். சவரிராயன் குறிப்பு எழுதுகிற நிதானத்தோடு பதில் சொன்னார். "விளங்குது. ஆனா ஒரு வால்வத் தொறந்தா மறுபடியும் கசியும், கேனுக்கு அடியில கெடக்கவனுக்கு மூச்சு நின்னுரும். ஆள எடுத்துட்டுத் தொறக்கேன். பேச்சி, எத்தன கேன் இருக்கு?"

"நாலு அண்ணாச்சி. ஒண்ணொண்ணா எடுத்தாத்தான் கால் நசுங்காது."

"எடு. நிதானமா எடு."

சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் தசரதனைக் கலங்கடித்தது. சுவருக்கு அப்பால் மூன்று ஆரஞ்சு உருவங்களும் தம் வீட்டுக் கூடத்தில் நடமாடுவதுபோல நடமாடின. மூன்றின் விரல் நுனிகளும் வெதுவெதுப்பாகவே இருந்தன. குழாய் வானநீலத்துக்கு வந்துவிட்டது. காதில் விழுந்த வார்த்தை அவர்களுக்கு வார்த்தையாகவே நின்றது, உடம்புக்குள் இறங்கவில்லை.

"சார், வெளிய வாங்க சார். ஆளத் தூக்கிட்டு வந்துடுங்க," என்றார் வாக்கிடாக்கியைத் திரும்ப வாங்கி.

"வாரோம். மூணு கேன் இருக்கு."

தசரதன் வேனுக்குள் திரும்பினார். "குமிழைத் திறங்கம்மா."

ஜெனிட்டாவின் கை பெட்டியின் மேலேயே இருந்தது. "திறந்தா என்ன நடக்கும்னு ஒங்களுக்குத்தான் தெரியுமே. அந்த ஆள விட்டுட்டு ஓடி வந்துட்டாங்கன்னா? முப்பது நாளெல்லாம் கெடையாது அண்ணே, நாளைக்கே ஒங்க கண்ண எடுத்திருவாங்க."

அது அவருக்குத் தெரியாததல்ல. பதினோரு வருஷ இருட்டும் தெரியும், வாட்ச்மேனின் பெயரும் தெரியும். அன்று கட்டடத்துக்குள் அவர் பயந்தது தனக்காக. வாசல் எங்கே என்பதைத் தவிர அந்த பயத்தில் வேறொன்றும் இருக்கவில்லை. இன்று கண்ணை மூடினாலும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கேன்களுக்கு அடியில் கிடக்கும் அந்த மங்கிய ஆரஞ்சு. இன்னொரு தடவையும் ஒருவரை உள்ளே விட்டுவிடுவோமோ என்பதுதான் இன்றைய பயம்.

"திறந்துடுங்க," என்றார். "என் கண்ணுதானே. திறங்க."

ஜெனிட்டா குமிழைக் கடைசிவரை திருகினாள்.

சுவருக்கு அப்பால் மூன்று உருவங்களும் ஒரே நேரத்தில் குலுங்கி நின்றன. மீரான் தலையைப் பிடித்துக்கொண்டார். பேச்சியம்மாள் கையிலிருந்த கேனை வீசியெறிந்தார். மிச்சமிருந்த கேன்களுக்கு அடியில் கைவிட்டு அந்த ஆளை ஒரே இழுப்பாக இழுத்துத் தோளில் போட்டார். பிறகு மூன்று பேரும் ஓடி வந்தார்கள். சவரிராயன் வாசற்படியில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார். அவர் வாசலைத் தாண்டி நாற்பது எண்ணுவதற்குள் உள்ளே குழாய் கிழிந்தது. வெள்ளைப் புகை கூரை ஓட்டை வழியாக மேலே ஏறியது.

யாரும் சாகவில்லை. இழுத்த இழுப்பில் அந்த ஆளுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஜெனிட்டா குமிழைத் திரும்பவும் அடைத்தாள். ஆனாலும் பேச்சியம்மாளின் நடுக்கம் நிற்கவில்லை. வேன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, யாரிடமென்று இல்லாமல், "போனைக் குடுங்க," என்றார். மீரான் கொடுத்தார்.

"ஏலே மக்கா, முத்துச்செல்வம். அம்மாதான் பேசுதேன். தலையில தையல் போட்ட எடம் இன்னும் வலிக்காலே?" அந்தப் பக்கம் என்ன சொன்னானோ. "தெரியும்லே, பதினோரு நாளாச்சுன்னு தெரியும். இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சு." போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். "அன்னைக்கு ஏழு தையலுன்னு டீச்சர் சொன்னப்போ, பஸ்ஸு லேட்டுங்கிற மாதிரி இருந்திச்சு அண்ணாச்சி எனக்கு. ரொம்பத் தைரியமாயிட்டேன்னுல்லா நெனச்சேன்."

தசரதன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. உங்க மூணு பேருக்கும் விரல் குளிர்ந்து நான் பாத்ததே இல்லைங்க. இன்னிக்குத்தான் பாத்தேன். மனுஷனுக்கு அது வராம இருக்காது."

எல்லோரும் எதற்கென்று தெரியாமலே ஜெனிட்டாவைப் பார்த்தார்கள்.

"திங்கக்கெழம காலையில ஒங்க மூணு பேர் குமிழையும் சரிபார்ப்பேன்ல," என்றாள் ஜெனிட்டா. "இரைச்சலக் கொறைக்கன்னு சொல்லுவேன். அது இரைச்சல் இல்ல. தணிப்புன்னு பேரு. இழை போட்டவங்களுக்கு பயம் வந்தா ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்குப் பரவும், எல்லாருக்குமேதான். அதனால ஒங்களுக்குள்ள பயம் கெளம்புற எடத்துலயே அமுக்கிருவோம். அடுத்தவங்க பயம் வந்தா அதத் தடுக்காது, ஒங்களோடத மட்டுந்தான். இவருக்கு அது பார்வை நரம்போட பின்னிக் கெடக்கறதால அமுக்க முடியல. வித்தியாசம் அவ்வளவுதான்." அவள் குரல் இறங்கியது. "சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. நானும் நாலு வருசமா சொல்லல."

சவரிராயன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீயணைப்பில் இருபத்தொரு வருஷம் அவர் ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் உள்ளே போனவர். வயதாக ஆகப் பயம் விட்டுப்போய்விட்டது, கர்த்தர் கொடுத்த வரம் என்று நண்பர்களிடம் சொல்லி வந்தவர்.

"அப்ப அது நான் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையே தலைமை அலுவலகத்திலிருந்து இணை இயக்குநர் போன் செய்தார். ஜெனிட்டா ஸ்பீக்கரில் போட்டாள்.

"முப்பது நாள் எல்லாம் தேவையில்லைங்க. போன தடவை ஒரு உயிர், இந்தத் தடவை ஒரு கால். இவரை வச்சிக்கிட்டு நாங்க பதில் சொல்ல முடியாது. ஏற்கவில்லைன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டு இன்னைக்கே தபாலில் அனுப்பிடுங்க. மூலப்பிரதி காகிதத்துல வேணும்."

"கால முறிச்சது நான் சார்," என்றார் பேச்சியம்மாள். "இழுத்தது ஏங் கை."

"அதை எழுத வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

தசரதன் எழுந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் ராத்திரியே எழுதிட்டேங்க. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் சரியா இருக்குது. நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்." அவருடைய கை மேசையிலிருந்து எடுபடவில்லை. "அடுத்த தடவை என் பயம் என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது சார். நேத்து நல்லதா போச்சி. இன்னொரு நாள் உங்கள வாசலுக்கு இழுத்துனு வந்துடும். இன்னொருத்தர என்னால தாங்க முடியாது. இருட்டு எனக்குப் பழக்கம்."

சவரிராயன் தாளைப் பிரித்துப் படித்தார். முத்து முத்தான கையெழுத்து; ஓரம் மடித்து, பத்திக்குப் பத்தி இடம் விட்டு, ஓர் அடித்தல் இல்லாமல். படித்து முடித்துவிட்டு நான்காகக் கிழித்தார்.

"எழுத்து நல்லா இருக்கு. விசயம் சரியில்ல. உக்காந்து வேற எழுதும்வே. நான் சொல்லுதேன்."

முதல் பத்தி சுருக்கமாக முடிந்தது. திரு. தசரதன் அவர்களை இக்குழுவின் உறுப்பினராக ஏற்கிறோம். தொழிலாளியின் கால் முறிந்ததற்குக் குழு முழுவதும் பொறுப்பு. அவர் உயிரோடிருப்பதற்குக் காரணம் திரு. தசரதனின் எச்சரிக்கையும், அதை நாங்கள் உணரும்படி செய்த அவருடைய பயமும்.

"ரெண்டாவது பத்தி," என்றார் சவரிராயன். "எங்களுக்கு வச்சிருக்க தணிப்ப எடுத்துரணும்னு கேட்டுக்கிடுதோம்."

தசரதனின் பேனா நின்றது. ஜெனிட்டா மெதுவாகச் சொன்னாள், "அண்ணாச்சி, விதி அப்படி இல்ல. தணிப்பு இல்லாத இழைய வெளிய விட மாட்டாங்க. வேண்டாம்னு எழுதிக் கேட்டா இழையவே திரும்ப வாங்கினாலும் வாங்கிருவாங்க. ஒங்களுக்கு நுரையீரலு, அக்காவுக்கு இடுப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுதீங்க?"

"நேத்து அந்தப் படியில தடுக்கி விழுந்தேன்லா," என்றார் சவரிராயன். "விழுந்தப்போ எம்பொண்ணு மொகம் வந்திச்சு பாத்துக்கோ. நாலு வருசத்துல மொத தடவ. கல்யாணத்துல தாலி கட்டும்போதுகூட எனக்கு ஒண்ணும் வரல. அவ, அப்பா அழவே இல்லைன்னு இன்னும் சொல்லுதா." தாளைத் தட்டினார். "எழுதும்."

பேச்சியம்மாள் தன் இடுப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் சேத்தே எழுதும். புள்ளைக்குக் காச்சல்னா பதறணும் எனக்கு. படுக்கையில கெடந்தாலும் பதறிக்கிட்டே கெடக்கேன்."

மீரான் காதிலிருந்த பஞ்சை எடுத்தார், திரும்ப வைத்தார். "எனக்கு முடியாது அண்ணாச்சி," என்றார் கடைசியில். "உம்மா பேசறத நான் கேட்டே நாலு வருசந்தான் ஆகுது. முதல் பத்திக்குக் கையெழுத்துப் போடுறேன். தசரதண்ணன் இருக்கணும். ரெண்டாவதுக்கு மாட்டேன். நேத்து எனக்குள்ள வந்தது எனக்கு வேண்டாம்."

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. முதல் பத்திக்குக் கீழே தசரதன் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தார். மீரான் அங்கே கையெழுத்திட்டு, 'இதற்கு மட்டும்' என்று தன் கையால் எழுதினார். எழுதிவிட்டுத் தசரதனிடம் குனிந்து, "கோவமில்லையே அண்ணன்?" என்றார்.

"எனக்குக் கண்ணு போவுதுன்னா நானும் போட மாட்டேன் தம்பி," என்றார் தசரதன். அது பொய்யில்லை.

இரண்டாவது பத்திக்குக் கீழே சவரிராயனும் பேச்சியம்மாளும் கையெழுத்திட்டார்கள். ஜெனிட்டா பெட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, 'தணிப்பை நாலு வருஷமாக இயக்கியவள் என்ற முறையில்' என்று மேலே ஒரு வரி சேர்த்து அவளும் போட்டாள்.

"இவ்வளவையும் எழுதினவருக்கு எடம் எங்க?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"ஏத்துக்கணும்னு கேக்குறதே என்னத்தானேங்க. நானே எப்படிங்க போடுறது?"

"ரெண்டாவது பத்தியில போடும்வே. அதுல எங்களுக்குன்னுதான இருக்கு."

அவர் போட்டார். ஜெனிட்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சவரிராயனோடு உள்ளறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அவரும் தசரதனுமாகத் தபால் நிலையத்துக்குக் கிளம்பினார்கள்.

வெயில் ஏறியிருந்தது. ரயில்வே கேட் திறந்தேதான் கிடந்தது, ரயில் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. சவரிராயன் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மறுபடியும் பார்த்தார்.

தபால் நிலையத்தில் அவர்களுக்கு முன்னால் மூன்று பேர். ஓரத்து மேசையில் இருந்த பசைக்கிண்ணத்தில் விரலை விட்டுத் தசரதன் உறையின் மடிப்பில் ஒரே சீராகத் தடவினார். ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். அப்போது உள்ளே பயம் தொடங்கியது. வழக்கமாக வருவதுதான் என்று முதலில் விட்டுவிட்டார். அது வழக்கமானது இல்லை. அவருக்குப் பயம் எப்போதும் வயிற்றிலிருந்து மேலே ஏறும். இது தொண்டையில் தொடங்கிக் கீழே இறங்கியது. இதில் புகையின் காரல் இருந்தது. மணக்கோலத்தில் ஒரு பெண் இருந்தாள். அவளைத் தசரதன் ஒருநாளும் பார்த்ததில்லை.

உறையை அழுத்திய கையை எடுக்காமலே அவர் திரும்பினார். சவரிராயன் வரிசையில் நின்று சுவரிலிருந்த தபால் கட்டண அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார், அல்லது படிப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி," என்றார் தசரதன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஜெனிட்டா தணிப்ப எப்ப எடுத்தாங்க?"

"கெளம்பும்போது." குரல் கொஞ்சம் பிசிறியது. "எழுதிக் கேட்டுட்டு வச்சிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும். ஒம்ம குமிழையும் தொறந்துதான் வச்சிருக்கா. மீரானுக்கு மட்டும் போவாம அடச்சிருக்கா." அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத எப்படிவே தெனமும் தாங்குதீரு?"

"தெர்லைங்க அண்ணாச்சி. பக்கத்துல நில்லுங்க."

அவர் ஓர் அடி நகர்ந்து பக்கத்தில் நின்றார். வரிசை முன்னால் போயிற்று. சன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் உறையை வாங்கித் தராசில் வைத்தாள்.

"உள்ள என்ன சார்?"

"கடிதந்தாம்மா," என்றார் சவரிராயன். "வெறும் கடிதம்."

அவள் முகவரியைச் சரிபார்த்தாள், ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள், முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தி, பின்னால் வாய் திறந்து கிடந்த சாக்கில் உறையைப் போட்டாள்.